வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது

நாலு மணிக்கு வாட்ச்மேன் கதவைத் திறப்பான், திறந்த உடனே வந்துவிடுவார்கள், ஆளுக்கொரு ரொட்டிப் பாக்கெட்டும் ஆரஞ்சுப் பழமுமாக, இங்கே படுத்துக் கிடப்பவர்களுக்கெல்லாம் பசி ஒன்றுதான் வியாதி என்பதுபோல. வரட்டும். இந்த ஸ்டூலை விட்டு நான் எழுந்திருக்கப் போவதில்லை. ஆறு மணி வரைக்கும் இந்த மனுஷன் வாய்க்கு நான்தான் காவல். தலைமாட்டில் ஜெபராணி சிஸ்டர் ஓர் அட்டையில் சிவப்பு மையால் எழுதித் தொங்கவிட்டிருக்கிறாள், வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது என்று, ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் தண்டி. வருகிறவர்களில் ஒருவராவது அதைப் படிக்க வேண்டுமே. படித்தாலும் அது வேறு யாருக்கோ சொன்னது என்று நினைத்துக்கொள்கிறார்கள். மூக்கில் குழாய் தொங்குகிறது, அதை நெற்றியோடு சேர்த்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கிறது, அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்கள், அண்ணாச்சி என்ன சாப்பிட்டாக என்று. என்ன சாப்பிட்டாரா, பிரியாணி சாப்பிட்டார். முப்பத்தோரு வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போட்டவள் நான், இப்போது கட்டின புருஷனுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போய்விடாமல் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கிறார். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த மனுஷனுக்குப் பேச்சு போனாலும் கடிகாரம் பார்க்கிற புத்தி போகவில்லை. நாலாக இரண்டு நிமிஷம் இருக்கிறது.

முதல் ஆளே பாக்கியத்தம்மாள். பக்கத்து வீடு. பதினாறு நாளில் இது எட்டாவது தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு வைத்தியத்தோடுதான் வருவாள், இன்றைக்கு ஒரு காகிதப் பொட்டலத்தில் கோயில் விபூதி. நெற்றியில் பூசினாள், சரி, பூசட்டும். அடுத்து ஒரு சிட்டிகை எடுத்து அவர் உதட்டுப் பக்கம் கொண்டுபோனாளே பார்க்கலாம். "பாக்கியம், கைய எடு." "விபூதிதான, ஏ பூரணம், சாமி சமாச்சாரம், இது என்ன செய்யும்?" "சாமி சமாச்சாரம்னா சாமிகிட்டயே வச்சுக்கோ. வாயில ஒண்ணும் போகக் கூடாது." "நீ என்ன இம்புட்டுக் கண்டிசனா இருக்க, நாக்கு வறண்டு கெடக்கு பாரு, ரெண்டு சொட்டுத் தண்ணியாவது விடக்கூடாதா?" நாக்கு வறண்டால் துணியை நனைத்துப் பிழிந்து வாயைத் துடைத்துவிட வேண்டும், பிழிந்து, சொட்டக் கூடாது, நாளைக்கு நாலு வேளை துடைக்கிறேன், இது இவளுக்கு எங்கே தெரியப் போகிறது. இவருக்கு இது வந்த அன்றைக்கும் இவள்தான் முதல் ஆள். காலை ஏழு மணிக்குச் சவரம் பண்ணிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து ரேசர் விழுந்தது, எடுக்கப் போனார், வலது கை வரவில்லை, வாய் ஒரு பக்கமாகக் கோணி என்னமோ சொன்னார், பேச்சு குழறியது. நான் கத்தியதும் இவள் ஓடிவந்தாள், வாயு பிடித்திருக்கிறது என்று சொல்லிப் பாட்டில் சோடாவை உடைத்தாள், உள்ளங்காலைப் பரபரவென்று தேய்த்தாள், கதிரேசனுக்குப் போன் போடு என்றாள். கோயம்புத்தூரில் இருக்கிற மகனுக்குப் போன் போட்டு அவன் என்ன செய்வான். வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால், மூன்றில் ஒன்று நடந்தாலும் அந்த நிமிஷமே வண்டி பிடிக்க வேண்டும் என்று ஸ்கேன் எடுக்கிற அறை வாசலில் படம் போட்டு ஒட்டியிருக்கிறான், ஒட்டி என்ன பிரயோசனம், ஸ்கேன் எடுக்க வந்தவன்தானே அதைப் பார்க்கிறான். நாலரை மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டிருக்கலாமாம். நாங்கள் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. இந்தச் சோடாவும் தேய்ப்பும்தான் அவ்வளவு நேரத்தையும் தின்றது. ஒரு மணி நேரம் குளியலுக்குப் போயிற்று. ஆஸ்பத்திரிக்கு அரைச் சவரத்தோடும் அழுக்கு உடம்போடும் போக மாட்டேன் என்று இவர் இடது கையால் ஜாடை காட்டினார், காட்டினால், காட்டின மனுஷனுக்கு மூளையில் ரத்தம் ஓடவில்லை, எனக்கு ஓடியதல்லவா. நான்தான் வெந்நீர் போட்டேன். இரண்டு செம்பு ஊற்றித் தேய்த்துவிட்டேன். சரி, அது இருக்கட்டும், அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமல் செய்தது வேறு.

பதினைந்தாம் கட்டிலில் ஒரு பையன் அவன் தகப்பனாருக்கு இட்லி ஊட்டுகிறான், சோதித்துப் பார்த்துக் கொடுக்கலாம் என்று நேற்றுத்தான் சொன்னார்கள். படுக்கவைத்தே ஊட்டுகிறான். அந்த மனுஷன் மல்லாந்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு மெல்லுகிறார், இவன் ஒரு கையால் செல்போனைத் தடவிக்கொண்டு மறுகையால் அடுத்த விள்ளலை எடுத்துத் தயாராக வைத்திருக்கிறான். "ஏப்பா, தம்பி, அவர நிமுத்தி உக்கார வையி. படுக்கையில ஊட்டாத." "முதுகு வலிக்குங்காரும்மா." "வலிச்சாலும் உக்காரணும். தலகாணி ரெண்டு குடு. முழுங்கிட்டாரான்னு பாத்துட்டு அடுத்த வாய் குடு, போனைக் கீழ வையி." முறைத்துக்கொண்டே செய்தான். இந்த வார்டில் எனக்கு இப்போது போலீஸ்காரம்மா என்று பேர், தெரியும், கைகழுவுகிற இடத்தில் பேசிக்கொண்டார்கள். சொல்லட்டும். எனக்குத் தொண்டையைப் பற்றித் தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை இசக்கியம்மாள் அவித்த முட்டையை முழுசாக வாயில் திணித்துக்கொண்டது, முதலில் லொக்கு லொக்கென்று இருமியது, டீச்சர் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள், நான்தான் தடுத்தேன், இருமட்டும், இருமுகிற வரைக்கும் பயமில்லை, தண்ணீர் கொடுக்காதே என்று. பிறகு இருமல் நின்றுபோயிற்று. சத்தமே இல்லை. கண் பிதுங்குகிறது, வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. அப்போதுதான் பிள்ளையை முன்பக்கமாகக் குனியவைத்து ஒரு கையை நெஞ்சுக்குக் கொடுத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் மறுகையால் ஓங்கி அடித்தேன், நாலாவது அடியில் முட்டை தெறித்து விழுந்தது. ஹெல்த் நர்ஸ் வந்து சொல்லிக்கொடுத்துப் போனது அது, நான் மறக்கவில்லை. சத்தம் வந்தால் பயமில்லை, சத்தம் இல்லாவிட்டால்தான் பயம். நான் மறக்கவில்லை. காலை நீட்டினேன், கட்டிலுக்கடியில் கூடையில் கால் இடித்தது, உள்ளே பிளாஸ்க் டங்கென்று சுவரில் மோதியது. அதைக் கழுவ வேண்டும். திங்கட்கிழமையிலிருந்து கழுவாமல் கிடக்கிறது, மூடியைத் திறந்தால் நாறும், வீட்டுக்குக் கொண்டுபோகவும் மறந்துவிடுகிறேன். மறக்கவில்லை, கொண்டுபோகவில்லை. அதை இப்போது எடுக்க வேண்டாம்.

குருவம்மாளைச் சொல்ல வேண்டும். இவருக்குத் தங்கை, ஒரே தங்கை, நாலாட்டின்புத்தூரிலிருந்து பஸ் ஏறி வருவாள், திங்கட்கிழமை சாயங்காலம் இரண்டு இளநீரை வெட்டிப் பாலித்தீன் பையில் ஊற்றிக்கொண்டு வந்தாள். நான் அப்போது மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தேன். பத்து நிமிஷம். திரும்பி வருகிறபோது படிக்கட்டிலேயே கேட்டது இந்த இருமல், வீட்டில் இருக்கிறபோது இவர் அப்படி இருமி நான் கேட்டதே இல்லை, ஓடிவந்து பார்த்தால் மூஞ்சியெல்லாம் கன்றிப்போய் மூக்கிலும் வாயிலும் இளநீர் ஒழுகுகிறது, இவள் டம்ளரும் கையுமாக நின்று "அண்ணே, அண்ணே" என்று கதறுகிறாள். அந்த அட்டைக்கு நேர் கீழே நின்றுகொண்டு. ஏழாங்கிளாஸ் வரை படித்தவள். "தாகமா இருக்கும்னுதான் மதினி குடுத்தேன், ரெண்டே மடக்குதான்" என்றாள். ஜெபராணி சிஸ்டர் ஓடிவந்து ஒருக்களித்துப் படுக்கவைத்து மெஷினைப் போட்டு உறிஞ்சினாள். மறுநாள் விடியற்காலை காய்ச்சல், நூற்றிமூன்று, மூச்சு வாங்கியது, படம் எடுத்துப் பார்த்தால் வலதுபக்க நுரையீரல் அடிப்பாகம் வெள்ளையாக இருந்தது. சாப்பாடும் தண்ணீரும் போக வேண்டிய இடத்தை விட்டு மூச்சுப் போகிற இடத்துக்குப் போய்ச் சளி கட்டிவிட்டதாம். கதிரேசன் கோயம்புத்தூரிலிருந்து வந்து, டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுப் போனதும் வராந்தாவில் வைத்து அவளை வாங்கு வாங்கென்று வாங்கினான். "எங்க அப்பாவக் கொல்லதுக்குன்னே வாறீகளா அத்தை? இனிமே இந்த வாசப்படி ஏறாதீங்க." நான் சும்மா நின்றேன். சும்மா நிற்கவில்லை, நானும் சொன்னேன், படிச்சுப் படிச்சுச் சொன்னேனே குருவம்மா என்று. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கிப் போனாள். அன்றிலிருந்து சொந்தக்காரர் அத்தனை பேர் வாயிலும் அவள்தான், அண்ணனுக்கு இளநீர் கொடுத்து நெஞ்சை அடைக்கவைத்த தங்கச்சி. பாக்கியத்தம்மாள்கூடச் சொல்கிறாள், "என்ன இருந்தாலும் குருவம்மா அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது." இவள் சொல்கிறாள், சோடா உடைத்தவள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ கெளம்பு பாக்கியம், இவுகளத் திருப்பிப் படுக்க வைக்கணும்" என்றேன். ரொட்டிப் பாக்கெட்டைக் கட்டிலின் மேலேயே வைத்துவிட்டுப் போனாள்.

திருப்பினேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இடம், வலம், மல்லாக்க, இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். செயலற்ற கையை இழுத்துத் தூக்கக் கூடாது, தோள்மூட்டு கழன்றுவிடும், கீழே தலையணை கொடுத்து வைக்க வேண்டும். எல்லாம் எனக்குத் தெரிகிறது, சிஸ்டரே மற்றவர்களிடம் பதினாலாம் கட்டில் அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறாள். அவள் அப்படிச் சொல்கிறபோதெல்லாம் எனக்கு அவள்மேல் கோபம் வருகிறது. என்னை எதற்குக் காட்டுகிறாள். டாக்டர்மேல் அதைவிடக் கோபம். இன்றைக்குக் காலை ரவுண்ட்ஸில் சின்ன வயசு டாக்டர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார், காய்ச்சல் இறங்கிடுச்சு, நல்லா முழிச்சிருக்கார், நாளைக்குக் காலையில கூழ் மாதிரி கெட்டியா ரெண்டு ஸ்பூன் வாய் வழியாக் குடுத்துப் பார்ப்போம் என்று. நான் மறித்துக் கேட்டேன். "பொரை ஏறிராதா சார்?" "அன்னைக்கு இளநீர் போனதும் அவ்வளவு பலமா இருமினார்ல, அது நல்ல அறிகுறிம்மா. தப்பிப் போனா இருமல் வந்து காட்டிக்குடுத்துரும். இருமல் வந்தா நிறுத்திடுவோம்." இருமல் வந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்த ஒரு வாக்கியம் காலையிலிருந்து என் தலைக்குள்ளேயே சுற்றுகிறது, அங்கே போய் இங்கே வந்து மறுபடி அதிலேயே முட்டுகிறது. இருமாவிட்டால்? இருமலே இல்லாமல் போனால்? அது எப்படிப் போகும் என்று டாக்டர் கேட்டால் நான் என்ன சொல்வேன். போகும் சார், எனக்குத் தெரியும் சார், எப்படித் தெரியும் என்றால்.

சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை. சொல்லியாயிற்று. மனசுக்குள்தானே சொன்னேன், யாருக்கும் கேட்கவில்லை. காலையில் அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுக் கருப்பட்டிக் காப்பி போட்டு பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு ஆறரைக்குத் திரும்புவேன், எனக்காகத்தான், என் தலைவலிக்காகத்தான் போட்டேன். சனிக்கிழமை மூடியைத் திறந்ததும் வாசனைக்கு இவர் தலையைத் திருப்பினார். பத்து நாளாக எதற்கும் திரும்பாத தலை. இடது கையை நீட்டினார், டம்ளரைப் பார்த்து நீட்டினார், என்னைப் பார்த்தார், அந்தக் கண்ணில் தண்ணீர் நின்றது. நாற்பது வருஷமாக நான் போட்ட காப்பியைக் குடித்துவிட்டுத்தான் இந்த மனுஷன் சட்டை மாட்டுவார். சிஸ்டர் வார்டுக் கோடியில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். முதலில் விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். சப்பினார். அப்புறம் ஸ்பூனில். இருமல் வருகிறதா என்று பார்த்தேன், இசக்கியம்மாளுக்குப் பார்த்த மாதிரி பார்த்தேன், வரவில்லை, நான் கெட்டிக்காரி, நான் தொண்டையைப் பற்றித் தெரிந்தவள், இருமல் வரவில்லை என்றால் நல்லபடியாக இறங்குகிறது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன். அரை டம்ளர். உதட்டைத் துடைத்துவிட்டேன், இவர் சிரித்தார், பாதி வாயால் சிரித்தார். மூளையில் ரத்தம் நின்றுபோன மனுஷனுக்கு இந்த டாக்டர்களும் குழாயும் கொடுக்காததை நான் கொடுத்துவிட்டேன் என்று எனக்கு அன்றைக்கு முழுக்க ஒரே திமிர். ஞாயிற்றுக்கிழமை அரை டம்ளர். திங்கட்கிழமை அரை டம்ளர். திங்கட்கிழமை மத்தியானமே உடம்பு இலேசாகச் சுட்டது. தொட்டுப் பார்த்தேன். வெயில் என்று நினைத்தேன். நினைத்தேனா? வெயில் என்று வைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம்தான் குருவம்மாள் இளநீரோடு வந்தாள்.

அஞ்சு மணி, குழாயில் ஊற்றுகிற நேரம். கையைக் கழுவினேன், கைப்பிடியைச் சுற்றிக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினேன், பாதி உட்கார்ந்த மாதிரி வர வேண்டும், ஊற்றி முடித்தும் அரை மணி நேரம் இறக்கக் கூடாது. குழாயில் மையால் போட்ட கோடு மூக்குத் துவாரத்துக்கு நேராகவே இருக்கிறதா என்று பார்த்தேன், கோடு நகர்ந்திருந்தால் ஊற்றக் கூடாது, சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். நகரவில்லை. வடிகட்டின கஞ்சி, இருநூறு மில்லி, சிரிஞ்சை உயரப் பிடித்துத் தானாக இறங்கவிட வேண்டும், அமுக்கித் தள்ளக் கூடாது. கஞ்சி இறங்குகிறது, இவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், வாயில் ருசி இல்லை, மணம் இல்லை, சட்டியில் ஊற்றுகிற மாதிரி வயிற்றில் போய் விழுகிறது. பள்ளிக்கூடத்தில் வரிசையில் உட்காரவைத்துக் கையைக் காட்டு என்பேன், நூற்றிப்பதினாறு பிள்ளைகளும் இரண்டு கையையும் நீட்டி முன்னும் பின்னும் திருப்பிக் காட்டும், அழுக்கிருந்தால் போய்க் கழுவிவிட்டு வா என்று விரட்டுவேன், சாக்பீஸ் பொடி இருந்தால்கூட விடமாட்டேன். என் கையை யார் பார்த்தது. செவ்வாய்க்கிழமை அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார், இது நேத்து ஒரு தடவை போனதால மட்டும் வந்த மாதிரி தெரியலையே, இதுக்கு முன்னாடியும் ஏதாவது குடுத்தீங்களா? கதிரேசன் பக்கத்தில் நின்றான். வராந்தாவில் குருவம்மாள் நின்றாள். "இல்ல சார்" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று ஆபீசர் கேட்டால் சட்டென்று எண்ணிக்கை சொல்வேனே அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டது. எண்ணிக்கையில் நான் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. முட்டையில் ஒன்று குறைந்தால் குறைந்தது என்றுதான் எழுதுவேன்.

புதன்கிழமை ஜெபராணி சிஸ்டர் இந்தப் பதினைந்தாம் கட்டில்காரனுக்குச் சொன்னாளே, எனக்கு எதற்கு அது காதில் விழ வேண்டும். பக்கவாதம் வந்தவங்களுக்குத் தொண்டை மரத்துப் போயிருக்கும், தண்ணி நெஞ்சுக்குள்ள போனாலும் சில பேருக்கு இருமலே வராது, அமைதியாப் போயிரும், அதனாலதான் பேச்சுப் பயிற்சிக்காரங்க வந்து முழுங்கறதைச் சோதிச்சுச் சொல்ற வரைக்கும் ஒண்ணும் குடுக்கக் கூடாதுங்கறோம் என்று. அமைதியாகப் போய்விடும். சத்தம் இல்லாவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்று எனக்கு அவள் சொல்லியா தெரிய வேண்டும், இருபது வருஷத்துக்கு முன்னாலேயே அந்தப் பிள்ளையின் முதுகில் ஓங்கி அடித்துத் தெரிந்துகொண்டவள் நான். ஆக, இவருக்கு மெல்லப் போனால் இருமல் வராது, ஒரேயடியாக மடக்கென்று போனால்தான் வரும். இது இந்த உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். டாக்டருக்குத் தெரியாது. நாளைக்குக் காலையில் ஸ்பூனைக் கொண்டுவருவார், ஒரு ஸ்பூன், இருமவில்லை, நல்லது, இன்னொரு ஸ்பூன், இருமவில்லை, ரொம்ப நல்லது, மத்தியானம் அரைக் கிண்ணம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவார், நான் கொடுப்பேன், என் கையாலேயே கொடுப்பேன். இன்னொரு தடவை சளி கட்டினால் இந்த நெஞ்சு தாங்காது என்று அவரேதான் சொன்னார். வேண்டாம் சார் என்று சும்மா சொல்லிப் பார்க்கலாம். ஏன் வேண்டாம் என்பார். பயமாக இருக்கிறது என்று சொல்லலாம். பயப்படாதீங்கம்மா என்பார். பொய்க்கு மேல் பொய் வைத்து எவ்வளவு நேரம் கட்டிலை உயர்த்திப் பிடிப்பது. கதிரேசனுக்குத் தெரிந்தால் என்ன சொல்வான். அத்தையிடம் சொன்னதை அம்மாவிடம் சொல்வானா. சொல்ல மாட்டான், அதுதான் எனக்கு எரிச்சல், போகட்டும் விடும்மா, ஆசையில குடுத்துட்ட என்பான். அவள் மட்டும் என்ன பகையிலா கொடுத்தாள்.

மணி ஆறாகப் பத்து நிமிஷம். கதவுப் பக்கம் யாரோ நிற்கிறார்கள், வாட்ச்மேன் போங்க போங்க என்கிறான், போகவில்லை. குருவம்மாள். கையில் பையில்லை, கூடையில்லை, நாலே நாளில் பாதியாகிப்போயிருக்கிறாள், ரவிக்கை தோளில் தொளதொளவென்று தொங்குகிறது. யார் இவளை வரச் சொன்னது. இவளைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, எழுந்துவிட்டேன், இவர் பக்கத்தை விட்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்திருந்த ஸ்டூலிலிருந்து எழுந்து வேகமாக நடந்தேன். நான் வருகிற வேகத்தைப் பார்த்து அவள் ஓரடி பின்னால் வைத்தாள். பிறகு இரண்டு கையையும் எனக்கு முன்னால் நீட்டினாள்.

"ஒண்ணும் கொண்டாரல மதினி. கைய வேணும்னாலும் பாத்துக்கோங்க."

முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினாள். கழுவியிருந்தாள், விரல் நுனியெல்லாம் ஈரம்.

"இங்ஙனயே நின்னு ஒரு தடவ பாத்துட்டுப் போயிருதேன். கதிரேசன்ட்டச் சொல்லிராதீங்க."

"கைய மடக்குடி!" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. "மடக்குடிங்கேன். எங்கிட்ட எதுக்குக் காட்டுத? நான் யாரு பாக்கதுக்கு?" அவள் மடக்கவில்லை, பயத்தில் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள், எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. "சிஸ்டர்! ஜெபராணி சிஸ்டர்! இங்க வாங்க. நோட்ட எடுத்துட்டு வாங்க." ஜெபராணி பதறிக்கொண்டு வந்தாள், என்னம்மா, குழாய் வந்திருச்சா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். "எழுதிக்கோங்க. கருப்பட்டிக் காப்பி. வாய் வழியா."

"யாரு குடுத்தது? இவங்களா? இப்பவா?"

"நான் குடுத்தேன்."

பேனா நின்றது. அவள் என் மூஞ்சியைப் பார்த்தாள், ஒன்றும் திட்டவில்லை, அவளுக்கு அதற்கு நேரமில்லை. "என்னைக்கு? எவ்வளவு?"

"சனி, ஞாயிறு, திங்கள். காலையில ஆறரை மணிக்கு. தெனம் அரை டம்ளர். மூணு நாளும் ஒரு தடவகூட இருமல. கேக்குதா சிஸ்டர்? இருமவே இல்ல. நாளைக்கு அந்த டாக்டர் ஸ்பூன எடுத்துட்டு வந்தா நான் அவரு கையத் தட்டிவிட்டுருவேன். இருமல் வரலைன்னா நல்லதுன்னு நெனச்சிராதீகன்னு சொல்லுங்க. நான் அப்படித்தான் நெனச்சேன்."

அவள் எழுதினாள். நேரம், அளவு, நாள், எல்லாம் நான் சொன்னபடி வரிசையாக எழுதினாள். எழுதி முடித்து, நாளைக்கு ஸ்பூன் கிடையாது, நான் இப்பவே டாக்டர்கிட்டப் பேசுறேன், சோதிக்கறவங்க வந்து பாத்த அப்புறம்தான் எல்லாம் என்று சொல்லிவிட்டுப் போன் இருக்கிற பக்கம் ஓடினாள். பதினைந்தாம் கட்டில் பையன் செல்போனை இறக்கிவிட்டு என்னையே பார்த்தான். பார்க்கட்டும்.

குருவம்மாள் கையை இப்போதுதான் கீழே விட்டாள். திட்டுவாள் என்று நின்றேன். நாலு நாள் ஊர் வாயில் அவளைப் போட்டு மெல்லவிட்டு நான் காவல்காரி வேஷம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு அவள் என் தலைமயிரைப் பிடித்திருந்தாலும் நான் குனிந்து கொடுத்திருப்பேன். அவள் என் மூஞ்சியைப் பார்க்கவே இல்லை. என்னைத் தாண்டி நடந்து போய் என் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அண்ணன் நெஞ்சில் கையை வைத்து அது ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இவர் கடிகாரத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"நீங்க போயி எதாச்சும் சாப்பிட்டுட்டு வாங்க மதினி" என்றாள், என் பக்கம் திரும்பாமலேயே. "நான் பாத்துக்கிடுதேன். ஒண்ணும் குடுக்க மாட்டேன்."